மோர் குடித்துப் படுக்கச் சொன்னவன்

சரவணா, இந்தக் கடிதத்தை ஆபீஸில் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி. சாப்பிடுவதற்கு முன் படித்தால் சாப்பிட மாட்டாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் "புனேல மழையா, சாப்பாடு சரியா கிடைக்குதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தை மாதம் உனக்கும் திவ்யாவுக்கும் கல்யாணம். அதற்கு முன் நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கல்யாணம் நடக்குமா என்பது எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்தாள். திவ்யாவின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சரியாகப் போட்டிருந்தது. அம்மா பெயர் இல்லை. "மல்லிகா பேர காணமே" என்று உன் அம்மா கேட்டாள். விதவை என்று அச்சடிக்கிறவனே விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். "இந்தக் காலத்துல யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல. தம்பி இல்லாத குறைக்கு மல்லிகாவே மேடையில நிக்கட்டும். யாரு இன்னா சொல்லிடுவாங்கன்னு நானும் பாக்கறேன்" என்றாள். திவ்யா தலை நிமிராமல், "வேணாம் அத்தை. நான்தான் போட வேணாம்னு சொன்னேன். அம்மா சமையக்கட்டுலயே இருக்கட்டும். அவங்களுக்கு அங்கதான பழக்கம்" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கித்தான் மல்லிகா இந்தப் பதினோரு வருஷமும் வயிற்றைக் கழுவினாள். ஊரார் வீட்டு முகூர்த்தத்துக்கெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவளை, பெற்ற பெண்ணின் கல்யாணத்திலும் அங்கேயே உட்காரச் சொல்கிறாள் அவள் மகள். என்னம்மா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன். திவ்யா என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு தெரியாததா மாமா? எங்கப்பாவ மோர் குடுத்து படுக்க வெச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கினு இருந்தவங்க அவங்க. அவங்க கையால என் தலைல அட்சதை விழறத என்னால தாங்கிக்க முடியாது. எனக்கு அப்பான்னா நீங்கதான். நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்க, போதும். சரவணன் கூட சரின்னுட்டாரு."

நீ சரி என்று சொன்னதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்லப்பட்ட கதை அப்படி. ஆனால் அந்த மோரைக் குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னவன் நான். மல்லிகா அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். இந்த இரண்டு மூன்று வரியை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் எழுதியது.

திவ்யாவின் அப்பா, உன் தாய்மாமன் சேகரைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கருட சேவைக்கு ஓடியவன். பழைய பட்டுப் புடவை வாங்குகிற தொழில் அவனுக்கு. கிழிந்தது, கறை பட்டது, செத்துப்போன பெரியவர்கள் பெட்டியில் விட்டுப்போனது என்று வீடு வீடாகப் போய் வாங்கி வருவான். அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி இருக்கும். பட்டை எரித்து, மிச்சமிருக்கும் ஜரிகையை நைட்ரிக் ஆசிட்டில் கரைத்து, வெள்ளியைத் தனியாகப் பிரித்து எடுப்பான். திருப்புட்குழியில் வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தடுப்பும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை போட்டிருந்தான். ஆசிட்டில் ஜரிகை விழுந்ததும் செம்பழுப்பாகப் புகை கிளம்பும். வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு அதிகமாக இருந்தால் புகையும் அதிகம். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் நாலு பேராகச் சேர்ந்து பஞ்சாயத்தில் மனுவும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவன் என்னிடம் வந்தான்.

என்னிடம் வராமல் யாரிடம் போவான்? நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கூலி வேலைக்குப் போகாமல் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்து சேரும். மோட்டார் ஓடவில்லை என்றாலும் சார், பட்டாவில் பெயர் தப்பு என்றாலும் சார், குழந்தைக்கு அம்மை போட்டாலும் சார். எனக்கும் அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், சரவணா, ரொம்பவே பிடித்திருந்தது. என்னவோ எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்துவிட்டுப் பதில் சொல்லுவேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கதைதான். 'எனக்குத் தெரியாதுப்பா, தெரிந்தவரைப் போய்க் கேள்' என்ற ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ எந்த உத்தியோகத்துக்குப் போனாலும் அந்த வாக்கியத்தை முதலில் பழகிக்கொள்.

நீ பிளஸ் ஒன் படித்தபோது ஒரு சோதனை செய்து காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? வாய் உருக்கி மூடிய இரண்டு கண்ணாடிக் குண்டுகள், இரண்டிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு, செம்பழுப்பு நிறம். ஒன்றை வெந்நீரில் வைத்தால் நிறம் இன்னும் கறுக்கும். மற்றதை ஐஸ் தண்ணீரில் வைத்தால் நிறம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஏதோ காலிக் குண்டு மாதிரி ஆகிவிடும். "எங்கடா போச்சு வாயு?" என்று வகுப்பைக் கேட்பேன். பையன்கள் முழிப்பார்கள். "எங்கயும் போகல. குளிர்ல ரெண்டு ரெண்டு மூலக்கூறா சேர்ந்துக்கிச்சு. ஒரே மாதிரி ரெண்டு சேர்ந்து ஒண்ணாகறதுக்கு இருபடியாதல்னு பேரு. சேர்ந்ததுக்கு நிறம் கிடையாது, அவ்வளவுதான். சூடு காட்டினா பிரிஞ்சு பழையபடி வந்து நிக்கும்" என்பேன். மெக்னீசியம் எரிந்து ஆக்சிஜனோடு சேருகிறதே, அந்தச் சேர்க்கை வினையில் சேர்ந்தது சுலபமாகப் பிரியாது. இது அப்படி இல்லை, சூடு வந்தால் விலகிவிடும். வேடிக்கை என்னவென்றால், கல்யாண வீடுகளில் என்னை வாழ்த்திப் பேசச் சொன்னால் இதைத்தான் எடுத்துவிடுவேன். 'மணமக்கள் மெக்னீசியம் ஆக்சைடு மாதிரி இருக்கவேண்டும்' என்று. கூட்டம் கை தட்டும். இனி எந்தக் கல்யாணத்திலும் நான் பேசப் போவதில்லை.

சேகர் வந்து கேட்டபோது என் வாயில் வந்ததும் இந்தச் சோதனைதான். "மாமா, அந்தப் புகைய மட்டும் கண்ணுல படாம பண்ணிட்டா போதும், ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான். எதுனா வழி இருக்குதா?" என்றான். நான் கண்ணை மூடித் திறந்தேன். "ஜாடிய ஐஸ் தொட்டில வெச்சு வேலைய பண்ணு. நிறம் தெரியாது" என்றேன். புகை கண்ணில் படாமல் போவதும் புகை இல்லாமல் போவதும் வேறு வேறு என்று வருஷா வருஷம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், அதை அவனுக்குச் சொல்லவில்லை. மறந்து சொல்லாமல் விடவில்லை. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இன்னொன்றும் சொல்லவில்லை. குளிரில் வினை மெதுவாக நடக்கும், அவசரப்பட்டு ஆசிட்டை அதிகமாக ஊற்றக் கூடாது, ஐஸ் கரைந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் பொங்கும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. புகைதான் தெரியவில்லையே என்று கொட்டகையின் ஜன்னலுக்குக் கூட அவன் அட்டை வைத்து அடைத்துவிட்டான். "மாமா மூளையே மூளை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மார்கழி மாதம், அரையாண்டுப் பரீட்சை சமயம். நீ விளையாட்டுப் போட்டிக்காக வேலூர் போயிருந்தாய். அன்று விடிகாலையில் அவன் ஜரிகையை ஜாடியில் போட்டு ஆசிட் ஊற்றியிருக்கிறான். புகையும் இல்லை, கொதிப்பும் இல்லை. ஆசிட் வீரியம் இல்லாதது போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறான், அப்புறம் இன்னும் கொஞ்சம். ஐஸ் அன்றைக்குக் குறைவாகத்தான் கிடைத்ததாம். ஆறு மணி வாக்கில் அது கரைந்து வெறும் தண்ணீரானதும் ஜாடி ஒரேயடியாகப் பொங்கியது. கொட்டகை முழுக்கச் செம்புகை. ஓடி வெளியே வந்திருக்கலாம். வெள்ளி வழிந்து மண்ணில் போகிறதே என்று ஜாடியை இழுத்து வெளியே வைக்கப் பார்த்திருக்கிறான். ஐந்து நிமிஷம்தான் உள்ளே இருந்தேன் என்று என்னிடம் சொன்னான்.

ஏழரை மணிக்கு நம் வீட்டு வாசலில் மொபெட் வந்து நின்றது. அவ்வளவு தூரம் அவனேதான் ஓட்டி வந்தான், பின்னால் மல்லிகா. உன் அம்மா அங்கன்வாடிக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். கண் இரண்டும் கோவைப் பழமாக இருந்தது, இருமினான், ஆனால் சிரித்துக்கொண்டுதான் வந்தான். "தொண்டை எரியுது மாமா. நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்குது. இப்ப பரவால்ல. இவதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு உயிர வாங்கறா." மல்லிகா என் பக்கம் திரும்பி, "ஒரு எட்டு போயி காட்டிட்டு வந்துடலாம்ணா. மூஞ்சே வேற மாதிரி இருக்குது" என்றாள். மணி பார்த்தேன். எட்டரைக்கு நான் பரீட்சை ஹாலில் இருக்க வேண்டும். ஆனால் அது காரணம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆசிட் என்று எழுதுவார்கள், போலீசுக்குச் சொல்லுவார்கள், மனு கொடுத்தவர்கள் சாட்சிக்கு வருவார்கள், ஐஸ் தொட்டி யார் சொன்ன யோசனை என்று யாராவது கேட்பார்கள். இத்தனையும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. அந்த நொடியில் நான் கண்ணை மூடித் திறந்தேன். "புகைதானப்பா. காத்தோட்டமா படு. மோர் குடி. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். ஆஸ்பத்திரி அது இதுன்னு போயி கேஸ இழுத்து விட்டுக்காத" என்றேன். சேகர் மல்லிகாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா? சாரே சொல்லிட்டாரு" என்றான். கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்? நம் வீட்டு மோரைத்தான் அவன் முதலில் குடித்தான். நானே கரைத்துக் கொடுத்தேன்.

அந்தப் புகைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போனதும் கொல்லாது. நுரையீரலில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். மெதுவாக, மணிக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாமல் புண்ணாக்கும். பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நைட்ரஜன் டை ஆக்சைடும் நீரும் சேர்ந்தால் அமிலம் என்று அமில மழைப் பாடத்தில் எத்தனை வருஷம் எழுதிப்போட்டிருக்கிறேன்! அந்த நீர் ஒரு மனுஷனுடைய மார்புக்குள்ளும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் அவன் சோறு சாப்பிட்டான், திவ்யாவுக்கு ஸ்கூல் பையை ஒட்டுப்போட்டுத் தைத்தான். நாலு மணிக்கு மல்லிகா எனக்குப் போன் செய்தாள். "மூச்சு வாங்குதுண்ணா, படுக்க முடியல, உக்காந்துக்கினே இருக்காரு." நான் விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தேன். "பயப்படாதம்மா, கட்டு ஒப்படைச்சிட்டு நேரா வரேன்" என்றேன். போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. அப்போது அவன் வாயில் இளஞ்சிவப்பாக நுரை வந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். பேச முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றியபோதும் கையை விடவில்லை. என்னை இன்னும் நம்பிக்கொண்டிருந்தான் என்பதைத்தான், சரவணா, என்னால் தாங்க முடியவில்லை.

ஏழு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. சின்ன வயது டாக்டர், கண்ணில் கோபம். "காலையில ஆறு மணிக்கு புகைய சுவாசிச்சிருக்கார். பன்னெண்டு மணி நேரம் கழிச்சு கொண்டு வந்திருக்கீங்க. காலையிலயே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். யாருங்க வீட்லயே இருக்கச் சொன்னது?" என்று கேட்டார். அங்கே உன் அம்மா இருந்தாள், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், யூனிபார்மோடு திவ்யா நின்றுகொண்டிருந்தாள், பதிமூன்று வயது. மல்லிகா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் பதில் சொல்லுவேன் என்று காத்திருக்கிற பார்வை. எப்போதும் எல்லாவற்றுக்கும் நான்தானே பதில் சொல்லுவேன். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரித் தரையில் ஒரு மருந்து அட்டை கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் மல்லிகாவின் குரல் கேட்டது. "நான்தாங்க. சாதா இருமல்னு நெனச்சிட்டேன்."

அவ்வளவுதான் நடந்தது. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. புருஷனுக்கு மோரை ஊற்றிக் கொன்றவள் என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் உன் அம்மாவே அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நான் வாய் திறந்திருந்தால் அந்தப் பேச்சு அன்றைக்கே நின்றிருக்கும். மாறாக நான் பெரிய மனுஷனானேன். திவ்யாவை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், படிக்க வைத்தேன், ஒரகடத்தில் வேலையில் சேரும் நாளில் நானே பஸ் ஏற்றிவிட்டேன். ஊரே என்னைத் தங்கமான மனுஷன் என்றது. அந்தப் பெண் என்மேல் வைத்த பாசம் ஒவ்வொரு நாளும் அவள் அம்மாவிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கப்பட்டது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, நிம்மதி. இனி இது வெளியே வரவே வராது என்ற நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பேச்சைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை மல்லிகா வேலை செய்யும் மண்டபத்துக்குப் போனேன். பின்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு மரியாதை குறைத்ததே இல்லை. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் பதறிப்போனாள். "வேணாம்ணா. தை மாசம் கல்யாணத்த வெச்சிக்கினு இன்னா பேச்சு இது? அவ ரோஷக்காரி. கல்யாணமே வேணாம்னுடுவா" என்றாள். அன்றைக்கு ஏன் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். கத்தியில் ஒட்டியிருந்த விதைகளை வழித்துப் போட்டாள். "உங்க பேர சொல்லியிருந்தா எங்களுக்கு யாரு இருந்தாங்க? நாத்தனாரும் போயிருப்பாங்க, நீங்களும் போயிருப்பீங்க. பொண்ண யாரு படிக்க வெச்சிருப்பாங்க? அவருதான் போயிட்டாரு. அவளாவது நல்லா இருக்கட்டும்னு இருந்துட்டேன்." பிறகு மெதுவாக, "நீங்களா ஒரு நாளு சொல்லுவீங்கன்னு மொதல்ல பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு மூணு வருசம். அப்புறம் விட்டுட்டேன்" என்றாள். உள்ளேயிருந்து யாரோ காய் என்னாச்சு என்று கத்தினார்கள். அவள் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள்.

சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நன்றாக நடக்கும், நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, அதற்குக் காய்ச்சல் வந்து, மல்லிகா அதன் நெற்றியைத் தொடப் போகும்போது திவ்யா அந்தக் கையைத் தட்டிவிடுவாள். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு நாளில் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் இனி முடியாது. நல்லது செய்கிறேன் என்று இதை எழுதுவதாக நினைக்காதே. தாங்க முடியாமல் எழுதுகிறேன். இதனால் உன் வாழ்க்கை பாழானால் அதுவும் என் கணக்கில்தான்.

உனக்கு மட்டும் எழுதியிருந்தால் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்ற பாரம் உன் தலையில் ஏறியிருக்கும். அந்தப் பாரம் ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதை உனக்கு நான் கொடுக்க மாட்டேன். உன் அம்மாவிடம் புதன்கிழமை சொன்னேன். அதிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள். திவ்யாவுக்கு இன்று காலை, சனிக்கிழமை, இதுவரை நீ படித்ததை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. முடித்துவிட்டு, "டாக்டர் கேட்டப்ப அம்மா உங்களத்தான் பாத்தாங்களா?" என்றாள். ஆமாம்மா என்றேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா என்ன புடிச்சிக்க வந்தாங்க. நான் நெஞ்சுல கைய வெச்சி தள்ளி வுட்டேன். கீழ வுழுந்துட்டாங்க. நீங்கதான தூக்கி வுட்டீங்க மாமா?" என்று கேட்டாள். நான்தான் தூக்கி நிறுத்தினேன். அதற்கும் ஆமாம் என்றேன். "அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். சத்தம் போடவில்லை. காகிதங்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். "அத அம்மா சொல்லட்டும். எத்தன நாளாச்சோ அவங்கள ஒரு வார்த்தை கேட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திருப்புட்குழி பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை அவள் போன பிறகு எழுதி, கூரியர் கடை மூடுவதற்குள் கொடுக்கப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவள் உன்னிடம் பேசியிருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். லீவு போட்டுவிட்டு வா. நம் வீட்டுக்கு வராதே, நேராகத் திருப்புட்குழிக்குப் போ. மல்லிகா அத்தையின் எதிரில் தரையில் உட்கார். அவள் சம்மதம் சொன்னால் சந்தோஷம். இரக்கப்பட்டு அவள் என்னை நல்லவன் என்று பேச ஆரம்பிப்பாள், அதற்குத் தலையாட்டாதே. வேண்டாம் என்று சொன்னால், சரவணா, என் பெயரைச் சொல்லி அவளிடம் கெஞ்சாதே.

உன் அப்பா